கண்ணாடி துடைத்தவர்

சாத்தூர்ப் பக்கம் நாங்கள் குடியிருந்த ஆற்றங்கரைத் தெருவுக்கு, அரசாங்க அறிவிப்பை மைக்கில் வாசிக்க ஜீப்பில் ஒருவர் வருவார். ஒல்லியான ஆள். வாசிக்குமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வார்; அது இல்லாமல் தாளில் ஓர் எழுத்தும் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஊர்வலத்தில் போலீஸ் சுட்டு எதிர்வீட்டு அக்காவின் மகன் செத்த மறுநாள், "யாரும் சாகவில்லை, வதந்தியை நம்பாதீர்கள்" என்று அவள் வாசலிலேயே வாசித்தார்.

அந்த ஐப்பசியில் தாளே இல்லாமல் வந்து கத்தினார். "வெள்ளம் வருது, மேடேறுங்க!"

அக்கா அசையவில்லை. "அன்னைக்கும் நீங்கதான வாசிச்சீக?"

"இது நானே கண்ணால பாத்தது, தாயி."

"என் மகனை நானுந்தான் பாத்தேன்."

சாயங்காலத்துக்குள் ஆறு அவளை வீட்டோடு கொண்டுபோயிற்று.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தவர், அதைப் போடாமலே வாசித்தார்: "வெள்ளத்தில் உயிர்ச்சேதம் இல்லை."