மச்சினனுக்கும் சனிக்கும் ஒரே கேமரா

கேமரா வாங்க வேண்டும் என்று நான் சொன்னதும் என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "யாருக்கு?"

"உன் தம்பிக்குத்தான்" என்றேன். பொய் கூசாமல் வந்தது.

முழுப் பொய்யும் இல்லை. அவள் தம்பி குவைத்துக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. போனில் குரல் வரும், எப்போதாவது ஒரு போட்டோ வரும். குச்சனூரில் இருந்த என் மாமியார் அந்தப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எடுத்த அன்னைக்கு இருந்த மூஞ்சி. இன்னைக்கு எப்படி இருக்கானோ, யாரு கண்டா?" என்பார். சின்னமனூருக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. கம்ப்யூட்டரில் மாட்டும் கேமரா இருந்தால் குவைத்தில் இருப்பவன் முகத்தோடு முகம் பார்த்துப் பேசலாம் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. மகன் முகத்தை ஒரு தடவை அப்படிப் பார்த்துவிட வேண்டும். அத்தை கேட்டது அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியது வேறொரு முகம். நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். தபாலில் வரவழைத்த கண்ணாடி, போர்வெல் பிவிசி பைப், எரிந்துபோன மோட்டாரிலிருந்து கழற்றிய பேரிங் எல்லாம் சேர்த்து மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி செய்து வைத்திருந்தேன். தெருவில் அதற்குப் பெயர் பீரங்கி. அதில் சனிக் கோளின் வளையம் ஜோராகத் தெரியும். ஆனால் பார்க்க வருகிறவர்கள் திறக்க வேண்டிய கண்ணை மூடிக்கொண்டு, மூட வேண்டிய கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஆமா, தெரியுது தெரியுது" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வளையத்தைப் படமாகப் பிடித்து இவர்கள் மூஞ்சிக்கு நேரே நீட்ட வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. அதற்கு விலை கூடிய கேமரா வேண்டாம், கம்ப்யூட்டர் கேமராவின் லென்ஸ் என்கிற முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொலைநோக்கியின் வாயில் சொருகினால் போதும் என்று இன்டர்நெட்டில் படித்திருந்தேன்.

தேனியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது தவளை மாதிரி ஒன்று. சுற்றிலும் ஆறு விளக்கு.

"இதுதாங்க நல்லா இருக்கு. கரண்டு போனாக்கூட நம்ம மூஞ்சி தம்பிக்குத் தெரியும்" என்றாள் மனைவி.

"கரண்டு போனா கம்ப்யூட்டரே போயிரும்" என்றேன். முறைத்தாள்.

அடுத்ததன் அட்டையில் மெகாபிக்சல் என்கிற புள்ளிக் கணக்கைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அது பாதி உண்மை, மீதியைக் கம்ப்யூட்டரே ஊதிப் பெரிதாக்குவது. சனிக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. மங்கலான வெளிச்சத்திலும் படத்தைப் புள்ளி புள்ளியாகச் சிதறடிக்காத சி.சி.டி. சில்லு உள்ளே இருக்க வேண்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க நம் கைக்கு விட வேண்டும், முன்கண்ணாடி மரையோடு கழன்று வர வேண்டும். மூன்றும் உள்ள ஒன்று கீழ்த்தட்டில் தூசி அப்பிக் கிடந்தது. சாம்பல் நிறம், உருண்டை, ஒரு விளக்குகூடக் கிடையாது. பார்த்ததும் என் வாயில் எச்சில் ஊறியது. அங்கேயே கண்ணாடியைத் திருகிப் பார்த்தேன்.

"அண்ணே, வாங்கிட்டுப் போயி ஒடைங்க. இங்கன வச்சே ஒடைக்காதீக" என்றார் கடைக்காரர்.

"இந்தக் கருமத்தையா எடுக்கப் போறீக?" என்றாள் மனைவி.

"உன் தம்பி மூஞ்சி தெளிவா வேணுமா, வேணாமா?" என்றேன். உடனே பர்ஸைத் திறந்தாள். எங்கள் மூஞ்சியை அவனுக்குக் காட்டுவதுதான் எங்கள் கேமராவின் வேலை, அவன் மூஞ்சி அவன் கேமராவில்தான் வரும் என்பதை அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

தொலைநோக்கியின் வாய்க்கு ஒரு பில்ம் ரோல் டப்பா கச்சிதமாகப் பொருந்தும். டப்பாவின் அடியை அறுத்துக் கேமராவில் ஒட்டினேன். கழற்றிய கண்ணாடியை, அது மொச்சைக்கொட்டை அளவுதான், இன்னொரு டப்பாவில் போட்டு வைத்தேன். வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சனி உச்சிக்குப் பக்கத்தில் நின்றது. வயலெல்லாம் தண்ணீர் கட்டி நின்றதால் மேலே காற்று ஆவியாக அலைந்தது, படம் கொதிக்கிற ரசம் போலத் தளும்பியது. பரவாயில்லை. சில நூறு படங்களைத் தொடர்ந்து எடுத்து, தெளிவாக விழுந்ததை மட்டும் கம்ப்யூட்டரைப் பொறுக்கச் சொல்லி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். வளையம் வந்தது. வளையத்துக்கு நடுவே கறுப்பு இடைவெளிகூட வந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியில் ஒரு சுற்று ஆடினேன் என்றால் நம்புங்கள்.

தவளை தன் வாயால் கெடும். மறுநாள் வெள்ளிக்கிழமை, மச்சினனுக்கு லீவு, மத்தியானம் கேமராவில் பேசுவதாக ஏற்பாடு. அத்தை காலையிலேயே மகனைப் பார்க்கப் புதுச்சேலை கட்டிக்கொண்டு குச்சனூரிலிருந்து வந்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். திரையில் சனியைப் பெரிதாகப் போட்டு, "அத்தை, ஒங்க ஊர்க்காரரைப் பாருங்க, எங்க வீட்டுக்கே வந்துட்டாக" என்றேன்.

குச்சனூரில் சனீஸ்வரர் சந்நிதிக்கு நேரே யாரும் நிற்க மாட்டார்கள். ஓரமாக ஒதுங்கி நின்றுதான் கும்பிடுவார்கள். அவர் படத்தை வீட்டில் மாட்டவும் மாட்டார்கள். அத்தை ஒரே எட்டில் கம்ப்யூட்டருக்கு நேரேயிருந்து விலகிச் சுவரோரம் போய்விட்டார்.

"இதை எதுல பிடிச்சீக மாப்ள?"

"இந்தா, இதுலதான்."

"எம்புள்ளைகிட்டப் பேசுறதும் இதுலதானா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மச்சினனுக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது.

"அவர நேருக்கு நேரா மொறச்சுப் பாத்த கண்ணு, என்னையப் பிடிச்சுக் கொண்டுபோயி எம்புள்ளைகிட்ட விடும். கூடவே அவரும் போவாரு. எனக்குப் பாக்கவே வேணாம், ஆத்தா" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினார்.

மனைவி என்னைப் பார்த்தாள். "அப்ப தம்பிக்குன்னு சொன்னது?"

திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக நின்றேன். வெட்கமாக இருந்தது. நான்கு வருடம் காத்திருந்தவரை என் வாய்க்கொழுப்பால் வாசல்வரை துரத்திவிட்டேனே. ஓடிப்போய் டப்பாவை எடுத்துவந்து கண்ணாடியை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"அத்தை, அவரப் பாக்குறப்ப இதைக் கழட்டி டப்பாவுக்குள்ள போட்டுருவேன். இந்தக் கண்ணு அவரப் பாத்ததே இல்ல."

"நெசமாவா?"

"ஒங்க ஊர்க் கோயில் மேல சத்தியமா."

கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அடுக்களைக்குப் போனார். போன வேகத்தைப் பார்த்து நானும் பின்னாலேயே ஓடினேன், ஆனால் அதற்குள் கண்ணாடி மஞ்சத்தண்ணிக்குள் முழுகியிருந்தது. "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், உள்ளே புகுந்த ஈரம் போகவில்லை. கேமராவில் ஒட்டியிருந்த டப்பாவைப் பிய்த்துவிட்டு அப்படியே மாட்டினேன்.

மத்தியானம் மச்சினன் திரையில் வந்தான். "என்ன மச்சான், அங்கன ஒரே பனியா இருக்கு? மேகமலைக்குக் குடி போயிட்டீகளா? அம்மாவுக்கு என்ன, மஞ்சக்காமாலையா?"

நாங்கள் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, திரையின் பக்கம் இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தார்.

"ஏன் கீழயே பாத்துக்கிட்டு இருக்கான்? பெத்தவள நேராப் பாக்க மாட்டேங்குறானே. நான் என்ன சனீஸ்வரனா, ஒதுங்கி ஒதுங்கிப் பாக்க?"

அவன் மேல் தப்பில்லை. அவன் கேமரா திரைக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அவன் அம்மாவை, அதாவது திரையை, பார்க்கப் பார்க்க இங்கே அவன் கண் கீழேதான் விழும். சில்லு, மரை, வெளிச்சம் என்று அத்தனை பார்த்துக் கேமரா வாங்கிய எனக்கு இது தோன்றவே இல்லை.

"மாப்ள, திரையப் பாக்காத. மேல கேமராவப் பாரு" என்றேன்.

"அதப் பாத்தா அம்மா தெரியாதே, மச்சான்."

"அம்மாவுக்கு நீ தெரியணும்டா."

அவன் நிமிர்ந்தான். நேராகப் பார்த்தான். அத்தை ஒதுங்கவில்லை, விரல்களைத் திரையில் அவன் கன்னத்தின் மேல் வைத்தார். "கண்ணுக்குக் கீழ கருத்துப்போயிக் கெடக்கு. தூங்குறியாடா?" என்றவர், விரலை எடுக்காமல் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே அவனுக்குக் கேமராவின் கறுப்பு ஓட்டை மட்டும்தான் தெரிந்திருக்கும். "அம்மா, இருக்கியா?" என்றான்.

"இருக்கேன். திரும்பாத. அப்படியே பாரு."