உட்காராத முதலாளி

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் டீக்கடை வைத்திருந்த அமீர் ஜானுக்கு மூலம் வந்ததில் ஒன்றும் அதிசயமில்லை. வாலிப வயதில் அப்பாவின் கல்லாவில் உட்கார்ந்தவர், தொழுகைக்கும் சோற்றுக்கும் தவிர அதிலிருந்து எழுந்ததே இல்லை. காலையில் பரோட்டா, மதியம் கறிக்குழம்பு, ராத்திரி மிச்சப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு மறுபடியும் கறிக்குழம்பு. இந்த மலைக்குளிரில் பச்சைத் தண்ணீர் குடிப்பவனுக்குப் புத்தி சரியில்லை என்பது அவருடைய கட்சி. இத்தனைக்கும் பிறகு ஒரு மனிதருக்கு மூலம் வராமல் போயிருந்தால்தான் வைத்தியர்கள் கூடிப் பேசியிருக்க வேண்டும்.

அதிசயம், அதை மறைக்க அவர் பட்ட பாடுதான். எழுபதுகளின் கடைசி அது. மெக்கானிக் கடையில் ஒரு பழைய ஸ்கூட்டர் டியூப் வாங்கி, பாதிக் காற்று அடித்து, கல்லா நாற்காலியில் போட்டு, மேலே துண்டை விரித்து உட்கார்ந்தார். அவர் அசையும்போதெல்லாம் டியூப் கீச்சென்று கத்தியது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பாய், கடைக்குள்ள எலி நடமாட்டம் சாஸ்தியாயிருச்சுங்க" என்றார்கள். "ஆமாங்க, பெருத்த எலி" என்று அமீர் ஜான் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல் ஓர் எலிப்பொறியும் வாங்கி, தேங்காய்ச் சில்லு மாட்டி, தினமும் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி ரபியா. அவளிடமும் அவர் அந்த நோயின் பெயரைச் சொன்னதில்லை. "அது" என்பார்.

அதே கடையில் மனுவேல் என்று ஒரு டீ மாஸ்டர் இருந்தான். விடிவதற்கு முன் பாய்லர் முன்னால் நின்றால் கடை சாத்தும்வரை நிற்பான். நின்று நின்று, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை நரம்பு சுருண்டு, பச்சைப் பச்சையாய்ப் புடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அவனுக்கு அதில் வெட்கமே கிடையாது. லுங்கியைத் தூக்கி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவான். அவர்களும் தொட்டுப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். கால் நோய்க்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. அமீர் ஜான் கல்லாவிலிருந்து பொறாமையோடு பார்த்துக்கொண்டிருப்பார். தனக்கும் காலிலேயே வந்திருக்கக் கூடாதா என்று அல்லாவிடம் கேட்டதாகக்கூட ரபியா பிற்பாடு சொன்னாள்.

இந்தக் கால்தான் அவருக்கு ஒரு வழியைக் காட்டியது. மனுவேலைச் சேலத்தில் ஒரு சித்த வைத்தியரிடம் தாமே அழைத்துப் போனார். மனுவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த முதலாளி செய்வார்? வைத்தியர் அவனுடைய காலைத் தடவிப் பார்த்தார்.

"நிக்கவே கூடாதப்பா. உக்காந்துக்க. உக்காந்தாலும் காலத் தொங்கப் போடாதே, முக்காலி மேல தூக்கி வெச்சுக்க. வல்லாரைக் கீரையத் தின்னு. கீழருந்து மேலாத் துணிக்கட்டுக் கட்டி உடுவாங்க, உள்ள போ."

மனுவேல் உள்ளே போனதும் அமீர் ஜான் தொண்டையைக் கனைத்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குங்க…" என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டார்.

வைத்தியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அறையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இவரோ வந்ததிலிருந்து சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"அந்த ஒருத்தரு உக்காந்தா வலிக்குதாக்கும்?"

"ஆமாங்க. நொம்பவே."

"ரத்தம் போகுதா?"

"அவரக் கேட்டுத்தானுங்க சொல்லோணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "போவுதுங்க" என்றார்.

வைத்தியர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. துத்தி இலையையும் சின்ன வெங்காயத்தையும் விளக்கெண்ணெயில் வதக்கிச் சாப்பிட வேண்டும். கருணைக்கிழங்கும் மோரும் சேர்க்க வேண்டும். மிளகாய், கறி, பரோட்டா மூன்றையும் மறந்துவிட வேண்டும். குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு பேசினில் ஊற்றி அதில் உட்கார வேண்டும். "அதத் தவர வேற எங்கயும் நெடுநேரம் உக்காரக் கூடாதுன்னு அந்த ஒருத்தரு கிட்டச் சொல்லிப்புடுங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமே இல்லை. மனுவேல் முன்சீட்டின் முதுகில் இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டு ராஜா மாதிரி வந்தான். அமீர் ஜான் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சாயச் சாய அவரும் சாய்ந்தார். "ஏனுங்க பாய், சீட்டெல்லாம் காலியாக் கெடக்குது, உக்காருங்களே" என்று கண்டக்டர் கெஞ்சினார். ஏதோ ஒரு வளைவில், மனுவேல் நிற்கக் கூடாது, தான் உட்காரக் கூடாது என்ற கணக்கு அமீர் ஜானின் மண்டையில் பளிச்சென்று சேர்ந்தது.

மறுநாள் காலை மனுவேலைக் கூப்பிட்டார். "நீ கல்லாவுல உக்காரு சாமி. நான் டீ ஆத்தறேன்."

"ஐயோ மொதலாளி! நான் எப்புடிங்க?"

"உன்ற காலுக்குத்தான். வைத்தியரு சொன்னாருல்ல? உக்காருன்னா உக்காரு."

மனுவேல் அழுதேவிட்டான். அழுதுகொண்டே போய் உட்கார்ந்தான், அழுதுகொண்டே முக்காலியில் காலை வைத்தான். அமீர் ஜான் ஆற்றிய முதல் டீ பாதி டம்ளரிலும் பாதி அவருடைய கைலியிலும் விழுந்தது. டம்ளரில் விழுந்ததுதான் மோசமாக இருந்தது என்று குடித்தவர்கள் சொன்னார்கள்.

கல்லாவில் இருப்பவர்தான் முதலாளி என்பது நம் பக்கத்தில் எழுதாத சட்டம். பிஸ்கட் கம்பெனியிலிருந்து புதிதாக வந்த ஆள் நேரே மனுவேலிடம் போய்க் கும்பிட்டு, அமீர் ஜானைப் பார்த்து, "மாஸ்டர், எனக்கொரு ஸ்ட்ராங் டீ" என்றான். வெள்ளக்கடை ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பார்த்துவிட்டு, "என்னங்க இது கூத்து?" என்று கேட்டார். அமீர் ஜான் வாய் திறக்குமுன் மனுவேல் முந்திக்கொண்டான். "என்ற காலு வலிக்குதுன்னு எங்க மொதலாளி நிக்கறாருங்க. இப்புடி ஒரு மனுசன எந்த ஊருலயாச்சும் பாத்திருக்கீங்களா?"

இதை அவன் ஒவ்வொருவரிடமும் சொன்னான். கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னான். கந்தசாமி என்று தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவர் இதைப் பிடித்துக்கொண்டு எஸ்டேட் கேட் ஒவ்வொன்றிலும், "ஒண்டிக்கடையிலே ஒரு முதலாளி நிற்கிறார், தொழிலாளி உட்கார்ந்திருக்கிறான்! தோழர்களே, போய்ப் பாருங்கள்!" என்று முழங்கினார். வாழவந்தியிலிருந்தெல்லாம் ஜனங்கள் பஸ் ஏறி வந்து, அமீர் ஜான் நிற்பதைப் பார்த்து, அந்த டீயையும் குடித்துவிட்டுப் போனார்கள். எஸ்டேட் முதலாளிகள் சிலர் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூலத்தினால் ஒரு மனிதர் பொதுவுடைமைவாதியானது இந்தச் சேர்வராயன் மலையில்தான் நடந்திருக்கும்.

இதற்கிடையில் ரபியா சத்தம் காட்டாமல் வைத்தியத்தை நடத்தினாள். மருதாயி என்ற கீரைக்காரி கொண்டுவரும் துத்தி இலையை எல்லாம் வாங்கிவிடுவாள். எதற்கு இவ்வளவு என்றால், "ஆட்டுக்குட்டிக்கு" என்பாள். வீட்டில் ஆடு இல்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அமீர் ஜான் மோர்ச்சோறு தின்றபோது, அவர் பெரிய பக்திமான் ஆகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அந்த வாசனையில் அவர் பட்ட வேதனை அவருக்குத்தான் தெரியும்.

மருந்து கேட்டது. ரத்தம் நின்றது, வலி போனது. ஒரு நாள் பேசினிலிருந்து எழுந்து, வெறும் மர ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் செய்யவில்லை. குழந்தை மாதிரி இன்னொரு தரம் எழுந்து உட்கார்ந்தார். அத்தனை சந்தோஷம். இனி அளவாக உட்காரலாம், அவ்வப்போது எழுந்து நடக்கலாம், தன் கல்லாவுக்குத் திரும்பலாம்.

ஆனால் எப்படித் திரும்புவது? மனுவேலின் கால் வீக்கமும் வடிந்திருந்தது. அவனுக்குச் சட்டைப்பையில் பேனா வந்திருந்தது. முதலில் "மொதலாளி" என்றவன் இப்போது "பாய், மூணு டீ, ஒண்ணு சக்கர கம்மி" என்று காலை ஆட்டிக்கொண்டே குரல் கொடுத்தான். எழுந்திரு என்று சொன்னால் ஊரே காறித் துப்பும். காரணத்தைச் சொன்னால் ஊரே சிரிக்கும். ஒரு மதியம் கடையில் ஆளில்லாதபோது, மனுவேல் கொல்லைப்பக்கம் போயிருந்த நேரம், அமீர் ஜான் மெல்லப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். "பாய், உடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. துள்ளி எழுந்து பாய்லருக்கு ஓடினார்.

அன்று ராத்திரி ரபியா அவருடைய காலைப் பார்த்துத் திகைத்தாள். "ஏனுங்க, மனுவேலு காலு உங்களுக்கு எப்புடிங்க வந்துச்சு?"

குனிந்து பார்த்தார். ஆடுசதையில் பச்சை நரம்பு நெளிந்துகொண்டிருந்தது. நின்றதன் கூலி. அவருக்கு அழுகை வந்தது. அந்த ஊரிலேயே மரியாதையான நோய் கடைசியில் அவருக்கும் வந்துவிட்டது, ஆனால் அதைக்கூட வெளியே காட்ட முடியாது. நிற்க முடியவில்லை என்றால் அவர் அப்புறம் யார்?

அந்த வருஷம் வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர் தேர்ந்தெடுத்தார்கள். போட்டிக்கு நின்றவர் மளிகைக்கடை பாலசுப்பிரமணியம். கறார்ப் பேர்வழி, சிரித்து யாரும் பார்த்ததில்லை. தொழிலாளிகளோடு தகராறு வராமலிருக்க அமீர் ஜான்தான் சரி என்று பெரும்பாலோர் நினைத்தார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு ஜெயிக்க வைத்துவிட்டார்கள்.

பதவியேற்பு ஏரிக்கரை மைதானத்தில். சில்வர் ஓக் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். மேடையில் வரிசையாக நாற்காலிகள். அமீர் ஜான் ஏறிப் பார்த்தார். எல்லோருக்கும் ஒன்று இருந்தது, நடுவில் மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"உங்களுக்குச் சேர் போட்டா அது உங்கள அவமானப்படுத்தற மாதிரிங்க" என்றார் செயலாளர் பணிவாக.

சோற்றுக்குப் பின் ஆரம்பித்த பேச்சு, வெயில் சாய்ந்தும் ஓயவில்லை. ஒருவர் அவரை மலையின் கொடிமரம் என்றார். இன்னொருவர் உட்காராத உத்தமர் என்று பட்டமே கொடுத்தார். கந்தசாமி தனியாக ஒரு வரலாறு சொன்னார். அமீர் ஜானின் கால்கள் இரண்டும் பழுத்த மாதிரி கனத்தன. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். முன்வரிசையில் மனுவேல் எதிரே இன்னொரு நாற்காலி போட்டு அதில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பெருமை தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள்.

"பெரியோர்களே" என்றார். குழாய் அதை ஏரியின் அந்தக் கரைவரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அவருக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"நான் மனுவேலுக்காக நிக்கலீங்க. என்னால உக்கார முடியலீங்க. எனக்கு மூலம்ங்க. இத்தன நாளாப் பொய் சொன்னேன். இப்பத் தேவலையாயிருச்சு. நின்னு நின்னு இப்பக் காலு போச்சு. எனக்கு ஒரு சேர் போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மனுவேல் மெல்லக் காலைக் கீழே இறக்கினான். கந்தசாமி வாயைத் திறந்தார், அவருக்கே தோழர் என்ற சொல் வரவில்லை. அமீர் ஜான் தலையைக் குனிந்துகொண்டு முதல் சிரிப்புக்காகக் காத்திருந்தார். எப்போது வேண்டுமானாலும் வரட்டும், தாங்கிக்கொள்வோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தோற்றுப்போன பாலசுப்பிரமணியம் எழுந்து, தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளி, "உக்காருங்க பாய்" என்றார்.

அமீர் ஜான் உட்கார்ந்தார். ஊர் பார்க்க, வெளிச்சத்தில், முழுசாக உட்கார்ந்தார். அந்த நிம்மதியில் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரோ ஓடிப்போய் பாலசுப்பிரமணியத்துக்கு வேறு நாற்காலி கொண்டுவந்தார்கள். அவர் கையை ஆட்டி அதைத் திருப்பி அனுப்பினார். "வேண்டாம், நான் நின்னுக்கறேன்" என்றார்.

பிறகு அந்தக் கறார் மனிதர், கழுத்து மாலையைச் சரி செய்வதுபோல அமீர் ஜானின் காதருகே குனிந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"ஏனுங்க பாய், என்ன மருந்துங்க சாப்பிட்டீங்க? எனக்குங்க…"

மைக் இன்னும் அமீர் ஜான் கையில்தான் இருந்தது. சட்டென்று அதை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டார்.

"மெதுவாச் சொல்லுங்க" என்றார். "நான் கேட்டுக்கறேன்."