யார் குத்தியது?

பினாங்கில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் சேலை கட்டுவதில்லை. முந்தானை நழுவும் கவலையும் அவர்களுக்குக் கிடையாது. ஆனாலும் மார்பருகே ஓர் ஊசியைக் குத்திக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள். எதையும் எதோடும் சேர்த்துப் பிடிக்காத ஊசி. வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கூட வேலை பார்த்த சீனக் கிராணியிடம், அதாவது குமாஸ்தாவிடம், அதன் பெயரைக் கேட்டேன். "ப்ரோச் லா" என்றார். அப்படியென்றால் ப்ரோச் என்பது குத்துவது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஊரில் நாலாம் பாரம் வரை இங்கிலீஷ் படித்தவன் என்ற மிதப்பு. இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கத் தோன்றவில்லை.

துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் எனக்கும் கிராணி வேலைதான். துரை சொல்வதைத் தமிழில் ஆட்களுக்கும், ஆட்கள் சொல்வதை இங்கிலீஷில் துரைக்கும் சொல்வதிலேயே பாதி நாள் போய்விடும். கப்பல் தூரத்தில் நிற்கும். தொங்கான் என்கிற சரக்குப் படகுகளில் பொதிகள் கரைக்கு வரும். நம் ஆட்கள் ஆளுக்கொரு இரும்புக் கொக்கி வைத்திருப்பார்கள். அதைச் சாக்கில் குத்தி இழுத்துத்தான் தோளில் ஏற்றுவார்கள். கொக்கியில்லாமல் ஒரு மூட்டையும் அசையாது.

ஒரு நாள் காலை ஒரு துணிப்பொதி கிழிந்து கிடந்தது. உள்ளே கொஞ்சம் துணியைக் காணவில்லை. துரை வந்து பார்த்துவிட்டு, "ஹூ ப்ரோச்ட் திஸ் பேல்?" என்றார். நான் ஆட்கள் பக்கம் திரும்பி, "இந்தப் பொதிய யாரு குத்துனது?" என்று கேட்டேன். காத்தமுத்து என்கிறவர் தயங்காமல் முன்னால் வந்தார்.

"நாந்தாங்க குத்துனேன். கொக்கி போடாம எப்படிங்க எறக்குறது?"

"ஹீ டிட் இட், சார்" என்றேன். கொக்கிப் பேச்சை நான் சொல்லவில்லை. வெயில் ஏறிவிட்டது, இன்னும் இரண்டு தொங்கான்கள் காத்திருந்தன, துரைக்குத் தெரியாத கொக்கியா என்று விட்டுவிட்டேன். துரை தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டே "தீஃப்" என்று முணுமுணுத்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. துறைமுகத்து இங்கிலீஷில் ப்ரோச் என்றால் சரக்கை உடைத்துத் திருடுவதாம்.

"சார், ஹீ மீன்ஸ் த ஹுக்" என்றேன். துரை நிமிர்ந்து பார்த்தார். அப்படியென்றால் முதலில் சொன்னது தப்பா, இங்கிலீஷ் தெரியாதவனையா வேலைக்கு வைத்திருக்கிறேன் என்று அவர் பாஷையில் கேட்டார். நான் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "நோ, சார்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். காத்தமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "என்னங்கய்யா சொல்றாரு?" என்றார். உண்மையைச் சொல்லிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

திருடன் என்று எழுதப்பட்டவருக்கு இந்தத் துறைமுகத்தில் வேறெங்கும் வேலை இல்லை. அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவி பேச்சிக்குக் கப்பலில் இடம் தரவில்லை. அவள் இங்கேயே பாக்குக் கிட்டங்கியில் பாக்குப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

பிறகு ஓர் அகராதியை இரவல் வாங்கிப் பார்த்தேன். நாம் காதையும் குத்துகிறோம், நெல்லையும் குத்துகிறோம், முத்திரையும் குத்துகிறோம், யாரும் குழம்புவதில்லை. அவர்கள் சொல்லும் அப்படித்தான். பீப்பாயில் துளை போடுவது என்று ஒரு பொருள், சரக்கை உடைப்பது என்று ஒன்று. அவற்றுக்கும் கீழே, சொல்லக் கூசுகிற பேச்சை முதன்முதலாக எடுப்பது என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு அகராதியை மூடிவைத்தேன். எனக்குச் சலிப்பு வந்தது. இங்கிலீஷ்மீது இல்லை, என்மீதுதான்.

ஞாயிறு மதியம் பேச்சி அவர் கடிதத்தோடு என்னிடம் வருவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. காத்தமுத்துவும் அங்கே யாரையோ வைத்துத்தான் எழுதுகிறார். போன கடிதத்தில் இப்படி இருந்தது: 'கிராணி ஐயா எனக்காகத் துரையிடம் இரண்டாவது தடவையும் பேசினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவரை மறந்துவிடாதே.' இதை நானே என் வாயால் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

இங்கே நான் தமிழன், ஊருக்குப் போனால் பினாங்குக்காரன். இரண்டு பாஷைக்கும் நடுவில் நின்று சம்பளம் வாங்குகிறேன்; அந்தப் பேச்சை எடுக்க இரண்டிலும் எனக்கு வாய் வரவில்லை. ஊரில் இதைப் படிப்பவர்களே, உங்கள் பக்கம் பினாங்கிலிருந்து திரும்பி வந்த காத்தமுத்து என்று ஒருவர் இருந்தால், அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். இந்தக் கரையில் பேச்சியிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதி முடித்ததும் பேச்சி சொன்னாள்: "கீழ உங்க பேரையும் போடுங்கண்ணே. நீங்க வெசாரிச்சதா இருந்தா அவுகளுக்குத் தெம்பா இருக்கும்."

போட்டுக் கொடுத்தேன்.