வலிப்புக்காகக் காத்திருந்த ஐந்து நாள்

சட்டை தைக்கும் அந்தக் கூடத்தில் எல்லோரும் அவளை ‘மாஸ்டரக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது அடுக்குத் துணியைக் கோடு பிசகாமல் வெட்டுகிற கை. பத்தொன்பது வயதில் வந்த வலிப்பு நாற்பதிலும் அவளை விடவில்லை. மூன்று வகை மாத்திரை விழுங்கியும் மாதம் எட்டு முறை வந்தது. ஒருநாள் வெட்டு மேசையின் மேலேயே சாய்ந்தாள். முதலாளி கத்தரியை வாங்கிப் பூட்டி வைத்தார்.

“வீட்ல ஓய்வா இரும்மா.”

“கத்தரியை வேணா வச்சுக்கோங்க. சாக்பீஸைக் குடுங்க.”

மறுநாள் முதல் அவள் கோடு போட, மற்றவர்கள் வெட்டினார்கள்.

அந்த வருஷம்தான் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வுக்கு ஆள் கேட்டார்கள். வலிப்பு மூளையில் எங்கே கிளம்புகிறது என்று பார்க்க, தலை முழுக்க ஒயர் ஒட்டி, மாத்திரையைக் குறைத்து, அது வரும்வரை கேமராவுக்கு முன்னால் படுத்திருக்க வேண்டும். டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை.

“ஒரே இடத்துல கிளம்பினா ஆபரேஷன் பண்ணலாம். ஆனா உங்களுக்குப் பலன் கிடைக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன்.”

“வேற யாருக்காவது?”

“கிடைக்கலாம்.”

கணவர் பொருமினார். “வலியப் போய் வலிப்பைக் கூப்பிடணுமா?”

“கூப்பிடாமலே இருபது வருஷமா வருதே. ஒரு தடவை நாமளே கூப்பிடுவோம்,” என்று கையெழுத்துப் போட்டாள்.

நான்கு நாள் எதுவும் வரவில்லை. தலை அரித்தது, சொறியக் கூடாது. “வேண்டாம்னா வந்து நிக்கும், வான்னா வராது. உங்க தம்பி மாதிரியேதான்,” என்றாள் கணவரிடம். அங்கே வந்த பிறகு கணவர் அப்போதுதான் சிரித்தார். ஐந்தாம் நாள் காலையில் மூன்று முறை வந்தது. கண் விழித்தபோது நாக்கில் ரத்தச் சுவை. “பதிவாயிருச்சா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

பதிவானது. ஆனால் மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்புவதால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முடியில் காய்ந்திருந்த பசையைக் கணவர் ஈரத் துணியால் மெல்ல மெல்ல எடுத்தார்.

அடுத்த மாதமே புது மருந்துச் சோதனைக்குப் பெயர் கொடுத்தாள். பழைய மாத்திரைகளோடு தருவது மருந்தா வெறும் மாவா என்று அவளுக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினாள். வந்த ஒவ்வொரு வலிப்பையும் நேரம் போட்டு எழுதினாள். மாதம் எட்டாக இருந்தது ஐந்தானது, அதற்குக் கீழே இறங்கவில்லை.

தையல் கூடத்தில் எல்லோரையும் நிறுத்திச் சொல்லிவிட்டாள்: “விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் திணிக்காதீங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க.”

போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில், வலிப்பால் லாரி ஓட்டுவதை விட்ட ஒருவர் ஆய்வுப் படிவத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றிருந்தார்.

“இதுல குணமாகுமாக்கா?”

“எனக்கு ஆகல. ஆனா என்னால அவங்களுக்குக் கொஞ்சம் தெரிஞ்சிருக்கு. நீங்க வந்தா இன்னும் கொஞ்சம் தெரியும். பயமா இருந்தா வேண்டாம்.”

பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.