முனியாண்டியின் கரண்டி

"ஒரு மரக்கரண்டி படத்த வச்சுக்கிட்டு ஊரத் தேடி வந்திருக்கீங்களே டீச்சர், இதெல்லாம் நடக்கிற காரியமா? கூலிக்குக் கப்பல் ஏறிப் போனவங்களுக்கு ஊரென்ன, பரம்பரையென்ன?"

ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில், கிராம அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் என்னிடம் கேட்டது இது. கெட்ட மனுஷர் இல்லை. எனக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். அந்தத் தேநீரை என்னால் குடித்து முடிக்க முடியவில்லை. அவர் சொன்னதால் பாதி. தேநீர் அப்படி இருந்ததால் பாதி.

நேற்று இங்கே இலங்கையில், ஹட்டன் கடைவீதியில், அந்தக் கேள்வி மறுபடி என் காதில் ஒலித்தது. ஒரு சாமான் வாங்கப் போயிருந்தேன். என்ன சாமான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பாத்திரக் கடை வாசலில் எவர்சில்வர் கரண்டிகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றுக்கு அவை ஒன்றையொன்று இடித்துக் கலகலத்தன. எனக்கு எவர்சில்வர் கரண்டியைக் கண்டாலே கோபம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எங்கள் தேயிலைத் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், எங்கள் குடும்பத்து முனியாண்டி இருந்தார். இருந்தார் என்றால் ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். அப்பா கவ்வாத்துக்காரர். உயர்ந்துபோன தேயிலைச் செடியை மறுபடி தளிர்க்க வைப்பதற்காகக் கத்தியால் வெட்டிக் கட்டையாக்கும் வேலை. ஒவ்வொரு முறை கவ்வாத்துத் தொடங்கும்போதும், முதலில் வெட்டிய கிளையை வேலை முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவருவார். லயத்து வாசலில் குந்திக்கொண்டு, அதே கத்தியால் சீவிச் சீவி ஒரு கரண்டி செய்வார். பச்சைத் தேயிலைக் கட்டைக்கு ஒரு மணம் உண்டு. துவர்ப்பு நாக்கில் படாமல் மூக்கில் ஏறினால் எப்படி இருக்குமோ, அப்படி. கரண்டிக்கு மஞ்சள் தடவி முனியாண்டி கல்லில் சாய்த்துவைப்பார். பழைய கரண்டிகளை எடுக்கக் கூடாது. பாசி பிடித்து, கறுத்து, அங்கேயே ஒரு குவியலாகக் கிடக்கும்.

"சாமிக்கு எதுக்குப்பா இத்தன கரண்டி?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"ஒனக்கு மட்டும் மூணு வேளையும் கரண்டி வேணும்ல? சாமி பட்டினி கெடக்கணுமா?"

"அப்ப தட்டு?"

"வாயாடி! போய்ப் படிங்கடி ரெண்டு பேரும்."

அவருக்கும் தெரியாது. அவருடைய அப்பா செய்தார், இவரும் செய்தார். தாத்தா செய்த கரண்டி தட்டையாக இருக்குமாம். "அதுல எப்பிடிச் சாமி கொழம்பு ஊத்தும்?" என்று அப்பாதான் நுனியைக் குடைந்து குழியாக்கினார். அந்தத் திருத்தத்தில் அவருக்கு அன்றும் பெருமை, நேற்றுவரையும் பெருமை.

படிக்கச் சொன்னாரே தவிர, இரண்டு பேரையும் படிக்கவைக்க அவரால் முடியவில்லை. அக்கா பாதியில் நின்று கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டாள். பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். எங்கள் வீட்டின் முதல் பாஸ்போர்ட் அவளுடையது. நான் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் ஒரு புடவைக்கடை முதலாளியின் மகள். லீவு வந்தால் இந்தியாவுக்குப் போய்வந்து அல்வா பங்கு வைப்பாள். "எங்களுக்கு ஊர்ல வீடு இருக்குடி. ஒங்களுக்கு லயம்தானே ஊரு?" என்றாள், அல்வாவை நீட்டிக்கொண்டே. அல்வாவை வாங்கிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்தேன்.

"நம்ம ஊரு எதுப்பா?"

"ராமநாதபுரம் ஜில்லா. கடல் பக்கம்."

"கடல் பக்கம்னா எங்க?"

"கடல் பக்கம்னா கடல் பக்கம்தா!"

எங்கள் தோட்டத்தில் எந்த மலைச் செடி எந்த நாற்றுமேடையிலிருந்து வந்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஆள் உண்டு. அந்தச் செடியில் ஆயுள் முழுக்கக் கொழுந்தெடுத்தவள் எங்கிருந்து வந்தாள் என்றால் "இந்தியா" என்று முடித்துவிடுவார்கள். செடிக்குக் கொடுத்த மரியாதையில் பாதிகூட எங்களுக்கு இல்லை.

நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது முனியாண்டிக்குக் கோயில் கட்டினார்கள். யாரோ அரசியல்வாதி தேர்தலுக்கு முன்னால் சிமெந்து கொடுத்தாராம். லீவில் வந்து பார்த்தால், டைல்ஸ் தரை, தகரக் கூரை, வாசலில் பளிங்குக் கல்லில் அந்த அரசியல்வாதியின் பெயர். முனியாண்டியின் பெயர் அதற்குக் கீழே, சின்னதாக. கரண்டிக் குவியலைக் காணோம்.

"பாசுமார் தேத்தண்ணி கொதிக்கவைக்க எடுத்துக்கிட்டாங்க புள்ள," என்றார் கோயில் கமிட்டித் தலைவர். "மக்கிப்போன கட்டதானே? சாமிக்கு ஒரேயடியா எவர்சில்வர்ல ஒன்னு வாங்கி மாட்டிட்டோம். துருப்பிடிக்காது."

பாசுமார் என்றால் கொத்தனார்கள். கோயில் கட்ட வந்த அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்கு அது விறகு. தலைவருக்கும் அது விறகாகத் தெரிந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். அதன்பிறகு அவர் கரண்டி செய்யவே இல்லை.

ஆசிரியை வேலை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம் பாஸ்போர்ட் எடுத்தது. எங்கள் வீட்டின் இரண்டாவது பாஸ்போர்ட். கையில் இருந்ததெல்லாம், எப்போதோ போனில் எடுத்து வைத்திருந்த அப்பாவின் கடைசிக் கரண்டியின் படம். அதைக் காட்டித்தான் அந்த ஓய்வுபெற்றவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். கோபத்தில் தேநீரை வைத்துவிட்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல், கரையோரமாகவே நடந்தேன். மணலில் செருப்புப் புதைகிறது. மலை ஏறிப் பழகிய காலுக்குச் சமதரை இவ்வளவு கஷ்டமா என்று எனக்கே வெட்கம்.

அடுத்த ஊர் எல்லையில், மணலில் ஒரு கல். முன்னால் ஒரு குவியல். ஒரு பெண் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இதென்னக்கா, சாமிக்கு இத்தன கரண்டி?"

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "கரண்டியா? அடி ஆத்தி! துடுப்பும்மா. கடலேறிப் போன ஆளு கரைக்குத் திரும்பணும்னு அந்த வீட்டு ஆளுக வைக்கிறது."

போனை நீட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "துடுப்புத்தான். யாரோ வெவரம் இல்லாம குழிச்சு வச்சிருக்காகளே! இது தண்ணியத் தள்ளாதே."

போனவர்கள் திரும்ப வேண்டும் என்று கரையில் இருப்பவர்கள் வைப்பது. எங்கள் ஆட்கள் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள். அவர்களுக்காக வைக்கக் கரையில் யாரும் மிஞ்சவில்லை போலும். போனவர்களே தங்களுக்காகத் தாங்களே வைத்துக்கொண்டிருக்கிறார்கள், கடலே தெரியாத ஒரு மலையில். பிறகு கடல் மறந்தது, துடுப்பு கரண்டியானது. எங்களுக்குப் பரம்பரை இல்லையாம். இருந்தது ஐயா. அதைத்தான் எரித்துத் தேத்தண்ணி போட்டுக் குடித்தோம். எங்கள் கையில் இருப்பதெல்லாம் மக்கிய கட்டை என்று எங்களையே நம்பவைத்திருந்தார்களே!

அதுதான் எங்கள் கல் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்தக் கரையில் அப்படி இன்னும் எத்தனை கல் இருக்கிறதோ. ஆனால் எந்தக் கரை என்று இப்போது தெரியும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"நம்ம இனி எங்க திரும்பிப் போறது? இதுதானே ஊரு."

"ஆமாப்பா. இதுதான் ஊரு."

"ஆனா பெரியவ கடல் தாண்டித்தானே போயிருக்கா," என்றார். எழுந்து போய்க் கவ்வாத்துக் கத்தியைத் தேடினார்.

இந்தமுறை தட்டையாகச் செதுக்கினார். குழியைக் கைவிட அவருக்குக் கொஞ்சம் மனசில்லைதான்.

பழைய குவியல் போனது போனதுதான். தாத்தா செதுக்கியதில் ஒன்றுகூட இல்லை. பாசியும் மஞ்சளும் கலந்த அந்த வாடைகூட டைல்ஸில் நிற்பதில்லை. எவர்சில்வர் கரண்டியை முந்தாநாள் கழற்றி, அன்னதானச் சமையலுக்குக் கொடுத்துவிட்டேன். தலைவருக்குக் கோபம். ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டமாம். துடுப்பை வைக்கலாமா கூடாதா என்று பேசப்போகிறார்களாம். பேசட்டும், நானும் போகிறேன். நேற்று ஹட்டனில் நான் வாங்கியது சிமெந்து. இன்று காலை, அன்று கோயில் கட்டிய அதே பாசுமாரில் ஒருவரைக் கூட்டிவந்து, முனியாண்டிக்கு முன்னால் துடுப்பைப் பதித்தாயிற்று.