பாதுஷாவின் தலையாட்டம்

குதிரை எப்படிக் கால் வைக்கிறது, எந்த மூட்டில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் கால்நடை மருத்துவராக என் தொழில். மாமியார் வீட்டில் தன் வேலையை விளக்க முயன்று விழி பிதுங்கியவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வாருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

எதிர்வீட்டு விசாரணை

கணவருக்குத் துறைமுகத்தில் மாற்றல் வந்ததால் நானும் போர்ட் பிளேர் வந்து சேர்ந்தேன். மெயின்லேண்டில் தார்ச்சாலையில் நடக்கும் குதிரைகளைப் பார்த்தாயிற்று, இங்கே மணலில் நடப்பவற்றைப் பார்க்கலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். தேடிப் பார்த்தால், தீவில் குதிரைகளை விரல்விட்டு எண்ண ஒரு கையே போதும்.

ஹேடோ குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுத் தெலுங்கு அக்கா, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஹிந்தியில் கேட்டார். குதிரை நடப்பதைப் பார்ப்பேன் என்றேன். பிறகு என் கணவரிடம் தனியாகச் சொன்னாராம்: "கப்பல்ல வந்த களைப்பு. நல்லாத் தூங்கினா சரியாயிடும்."

தாளம் தப்பாதவன்

பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஜமால் பாய், கல்யாண ஊர்வலத்துக்கென்றே ஒரு வெள்ளைக் குதிரை வளர்க்கிறார். பெயர் பாதுஷா. பேண்டு வாசித்தால் தாளத்துக்குத் தலையாட்டுவான் என்பதில் பாய்க்கு அளவில்லாத பெருமை. ஊரே அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறது.

மின்னி பே கரையில் ஒரு காலை, அவன் காலிலும் தலையிலும் அசைவை அளக்கும் என் கருவிகளை ஒட்டி ஓடவிட்டேன். பேண்டு இல்லை, ஆனாலும் தலை ஆடியது. இடது முன்னங்கால் தரையைத் தொடும்போதெல்லாம் மேலே போனது, வலது கால் தொடும்போது கீழே வந்தது. வலிக்கிற காலில் பாரம் விழாமல் இருக்கக் குதிரை செய்கிற வேலை அது. பாயிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "அப்போ இத்தனை கல்யாணத்துல அவன் ஆடலையா டாக்டரம்மா, அழுதானா?"

நோயாளியின் தொழில்

எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பில் கீறலா, வெறும் மூட்டு வீக்கமா என்று எனக்குள்ளேயே ஒரு சந்தேகம். கணவரின் நண்பர் ஒருவர் மனிதர்களுக்கு எலும்பு வைத்தியம் பார்ப்பவர். இன்னொரு கண் பார்க்கட்டுமே என்று படத்தோடு அவருடைய கிளினிக்குக்குப் போனேன்.

வாசலில் இருந்த நர்ஸம்மா விவரம் கேட்டார். என் நினைப்பெல்லாம் அந்த மூட்டிலேயே இருந்ததால், கேட்டதற்கெல்லாம் உண்மையையே சொன்னேன். பேஷண்ட் பெயர் பாதுஷா, வயது ஒன்பது, கல்யாண ஊர்வலங்களில் வேலை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒன்பது வயசுப் பிள்ளையை வேலைக்கு அனுப்புறது சட்டப்படி குத்தம்மா."

குட்வில் எஸ்டேட் மாப்பிள்ளை

நண்பரும் படத்தைப் பார்த்துவிட்டார், எலும்பு தப்பியிருந்தது. ஓய்வு கொடுத்தால் குணமாகும், பாரம் ஏற்றினால் ஆயுளுக்கும் நொண்டிதான். ஆனால் பாய் அந்த வாரமே குட்வில் எஸ்டேட்டில் ஒரு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தான் சொன்னால் சாக்குப்போக்கு என்பார்கள் என்று என்னைக் கையோடு அழைத்துப்போனார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. ஆள் நல்ல வாட்டசாட்டம்.

பையன் குதிரையில் வருவான் என்று சம்பந்தி வீட்டில் சொல்லியாகிவிட்டதே என்றார் அவன் அம்மா. இன்னொரு முறை சுமந்தால் பாதுஷா ஒழுங்காக நடக்கவே மாட்டான் என்றேன். மாப்பிள்ளைதான் வழி சொன்னான்: குதிரை முன்னால் வரட்டும், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறேன். மண்டபம் பக்கத்துத் தெருவில்தான், மெதுவாக நடக்கலாம் என்று சம்மதித்தேன்.

பேண்டு முழங்கியது. முதுகில் பாரமில்லாமல், ஓடாமல் மெதுவாக நடந்த பாதுஷா தலையை ஆட்டவே இல்லை. கூட்டத்துக்கு ஏமாற்றம், எனக்கும் பாய்க்கும் மட்டும் சந்தோஷம். அவன் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். மாப்பிள்ளை புது ஷூ போட்டிருந்தான். அவன் அம்மா வேகமாக வந்து என் முழங்கையைப் பிடித்தார். "குதிரையைப் பார்த்தது போதும்மா, என் பையன் ஏன் நொண்டுறான்னு பாரு."

பாதுஷா இப்போது நேராக நடக்கிறான், பார்க்க ஒன்றுமே இல்லை. எங்கள் தொழிலில் வெற்றி என்றால் அவ்வளவுதான்.