சேலைக்கு மேல் போடும் டி-ஷர்ட்

"நாலு எழுத்து படிச்சுட்டா துணி தெரிஞ்சிருமாம்மா?" என்று எங்கள் முதலாளி ஒருநாள் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்.

மைசூரில் டி-ஷர்ட்டில் அச்சடித்துக் கொடுக்கும் கடை அது. கம்ப்யூட்டரில் எழுத்தும் படமும் அமைப்பதற்காக நான் அங்கே சேர்ந்தேன். அச்சு ஏறுவதற்கு முன்னால் இருக்கும் வெறும் டி-ஷர்ட்டைத் தேர்ந்தெடுத்து வாங்குவது முதலாளியின் வேலை. திருப்பூரிலிருந்து மாதிரிகள் வரும். இரண்டு விரலுக்கு நடுவே துணியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு "இது போதும்" என்பார். பாதி நேரம் சரியாகவே இருக்கும். மீதி நேரம், ஒரே துவைப்பில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிடும். திட்டு என்னவோ எனக்குத்தான் விழும், போனை எடுப்பவள் நான் என்பதால்.

அதனால் மாதிரிகளை வீட்டுக்கு எடுத்துப்போக ஆரம்பித்தேன். துவைக்கும் முன் நீளமும் அகலமும் அளந்து எழுதுவேன். மூன்று முறை துவைத்து, மொட்டைமாடியில் காயவைத்து, மறுபடி அளப்பேன். தையல் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவேன். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வந்து சாம்பல் உதிரும். பாலியெஸ்டர் கலப்பு என்றால் உருகி மணி போல் கெட்டியாகிவிடும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். என் அப்பாவும் அம்மாவும் கொள்ளேகாலைத் தாண்டி இருக்கும் ராமாபுரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக மைசூர் வந்தவர்கள். இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. எங்கள் வீட்டில் முதலில் பேனா பிடித்தவள் நான்தான். அந்த நோட்டில் என் எழுத்து வரிசையாக நிற்பதைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கும். அதை மறைக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் முதலாளி அப்படிக் கேட்டார். பிறகு அவரே, எப்போதும்போலக் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்:

"சரி, நோடம்மா. வர்ற ஆர்டருக்கு நீயே எடு. சரியா வந்தா இனிமே வாங்கறது உன் பொறுப்பு. சொதப்பிட்டா, சும்னே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கணும். ஆய்த்தா?"

"ஆய்த்துண்ணா" என்றேன்.

வந்த ஆர்டர் பெண்கள் சுய உதவிக் குழுக்களுடையது. தசராவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு நடைப்பயணம், இருநூறு பேர், எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட். பெண்களுக்கு என்பதால் 'லேடீஸ் ஃபிட்' எடுத்தேன். வட்டக் கழுத்து, சின்னக் கை, இடுப்பில் கொஞ்சம் ஒடுங்கிய தையல். சுத்தமான பருத்தி. மூன்று துவைப்புக்கும் அரை அங்குலம்கூடச் சுருங்காத துணி. முழுதாக வாங்குமுன் ஐந்து மாதிரிகளை எடுத்துக்கொண்டு, குழு கூடும் அங்கன்வாடிக் கட்டடத்துக்குப் போனேன்.

குழுத் தலைவி மார்க்கெட்டில் பூ விற்கும் ஓர் அக்கா. அவரும் எங்கள் கொள்ளேகால் பக்கம்தான் என்பது அவர் வாயைத் திறந்ததுமே தெரிந்தது. பெரிய கொண்டை, அதைச் சுற்றிக் கனகாம்பரம். டி-ஷர்ட்டை வாங்கித் தலையில் நுழைத்தார். நெற்றி தாண்டியது, அதற்கு மேல் நகரவில்லை.

"கண்ணு, தலை உள்ள போகுது, கொண்டை போக மாட்டேங்குதே!"

"கொஞ்சம் இழுங்கக்கா."

"இழுத்தா பூவு போயிரும்டி. நாள் முச்சூடும் வித்துட்டு எனக்குன்னு எடுத்து வெச்சது இது ஒரு முழந்தான்."

"பானைக்குள்ள தலைய உட்ட பூனையாட்ட இருக்குது" என்றாள் பின்னால் ஒருத்தி.

பூவைக் கழற்றிவிட்டு ஒருவழியாகப் போட்டார். ரவிக்கைக் கை டி-ஷர்ட் கைக்குள் சுருண்டு மடிந்தது. ஒடுங்கிய இடுப்பு சேலைக் கொசுவத்தின் மேல் ஏறி நின்றது. அக்கா தன்னைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, சேலையக் கழட்டி வெச்சுப்போட்டு நடக்கச் சொல்றயா?"

கட்டடமே சிரித்தது. நானும் சிரித்தேன். காது மட்டும் சுட்டது.

"துணி நல்ல துணிதான். ஆனா இது உன்னையாட்டப் புள்ளைங்களுக்குத் தெச்சது" என்றார் அக்கா.

உண்மைதான். நான் போட்டுக்கொள்ளும் சட்டையை அவர்களுக்கு எடுத்திருந்தேன். இத்தனைக்கும், என் அம்மா சித்தாள் வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அந்தச் சட்டை எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இந்த மாதிரிகளை அளந்தேன். துணியை அளந்தேனே தவிர, உடுத்திய உடம்பை அளக்கத் தோன்றவில்லை.

அங்கிருந்து உடனே கிளம்பவில்லை. டேப்பை எடுத்து, இருபது பேரைச் சேலை கட்டியபடியே அளந்தேன். முந்தானையோடு மார்பு, ரவிக்கையோடு கை, கொண்டையோடு தலை. "தலைக்கெல்லாம் அளவெடுக்கற டைலரை இப்பத்தான் பாக்கறோம்" என்று ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

கடைக்கு வந்து முதலாளியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு? ஆம்பளைங்க ரவுண்ட் நெக்குல பெரிய சைஸா எடுத்துப் போட்டா முடிஞ்சது."

அலமாரியிலிருந்து அப்படி ஒன்றை எடுத்து, என் துப்பட்டாவைப் பந்தாகச் சுருட்டிப் பின்னந்தலையில் வைத்துப் பிடித்துக்கொண்டு, அவர் முன்னாலேயே மாட்டிக் காட்டினேன். உடம்பு எவ்வளவு பெரிதானாலும் கழுத்து அந்த அளவுக்குப் பெரிதாவதில்லை. துப்பட்டா தரையில் விழுந்தது. அவர் சிரிக்காமல் பார்த்தார்.

"அப்போ?"

"காலர் வெச்சது, மூணு பட்டன். பட்டனைத் திறந்தா கொண்டை உள்ள போயிரும். கையும் அகலம்."

"காலர்னா மேட்டித் துணிதான் வரும். குட்டிக் குட்டிக் குழியா இருக்கும். உன் டிசைன்ல இருக்கற பொடி எழுத்து அதுல உடையும்."

அது எனக்குத் தெரியாது. அவர் சொன்னது சரி என்பது ஒரு துண்டில் அடித்துப் பார்த்ததுமே தெரிந்தது. எழுத்துகள் எலி கடித்தது போல வந்தன. டிசைனைக் கலைத்து, முன்பக்கம் ஒன்றும் வேண்டாமென்று முடிவு செய்து, முதுகில் தடித்த எழுத்தில் கன்னடத்தில் இரண்டே வார்த்தையாக மாற்றினேன். திருப்பூருக்குப் போன் செய்து, ஆண்களுக்குத் தைத்த காலர் டி-ஷர்ட்டுகளைப் பெரிய அளவில் எடுத்தேன். வந்தவற்றிலும் ஒன்றைத் துவைத்து, எரித்து, அளந்த பிறகே அச்சுக்குக் கொடுத்தேன். நடைப்பயணத்துக்கு நான்கே நாள் இருந்தது. மூன்றாவது நாள் மாலை கட்டிக் கொடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் கூப்பிடாமலே நான் போய் நின்றேன். ரோட்டோரத்தில் இருநூறு பெண்கள், சேலைக்கு மேல் பட்டன்களைத் திறந்து, தலை குனிந்து, டி-ஷர்ட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மல்லிகை, கனகாம்பரம், சிலருக்கு ரோஜா. ஒன்றும் கீழே விழவில்லை. என் கையால் தேர்ந்தெடுத்த இருநூறு. அழவில்லை, நிமிர்ந்து நின்று பார்த்தேன்.

பூக்கார அக்கா வந்து முதுகைத் திருப்பிக் காட்டினார். "பூவு கசங்கலீங்க டைலரம்மா. ஆனா பாரு, நீளந்தான் முழங்காலத் தொடுது. தோளும் தொங்குது."

திங்கட்கிழமை முதலாளி, திருப்பூர் மாதிரிகள் இருந்த மூட்டையை என் மேஜைக்கு நகர்த்தி வைத்தார். "இனிமே இதெல்லாம் உன் தலைவலி" என்றார். அதற்குமேல் அவர் பாராட்டியதில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. தோள் தொங்கியதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. எவ்வளவு தேடினாலும் ஆண்களுக்குத் தைத்தது ஆண்களுக்குத்தான். சேலைக்கு மேல் போடுவதற்கென்று ஒரு டி-ஷர்ட்டை யாரும் தைக்கவில்லை என்றால், நான் தேர்ந்தெடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

போன புதன்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு, சாமராஜநகர், சத்தியமங்கலம் வழியாக பஸ் மாறித் திருப்பூர் போனேன். அந்த இருபது பேரின் அளவுகளை வைத்து நானே வரைந்த தாளை ஒரு சின்னத் தையல் யூனிட்டின் கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மிணி, கழுத்து இத்தன எறக்கமா ஆரும் கேக்கறதில்லீங்க. தோளு சின்னது, கை பெருசு. இது லேடீஸுங்களா, ஜென்ட்ஸுங்களா?"

"சேலை கட்டினவங்களுக்குங்க. பன்னெண்டு வெட்டுங்க, பாத்துட்டு மீதி சொல்றேன்."

அவர் என் தாளை மேஜையில் விரித்து, நாலு மூலையிலும் எடைக்கல் வைத்து, துணியை எடுத்து வரச் சொன்னார்.